வீட்டில் வைத்திருக்க வேண்டிய சைக்கிள் சாமான்கள்

மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், கிராமாந்தரங்களில் பால் ஊற்றுவோரும், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வோரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் அநேகமாய்ச் சைக்கிளையே நம்பியிருக்கின்றனர். 1991-92-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஓட்டத் தெரிந்த வீடுகளுள் பழுது பார்க்கத் தெரிந்தவை சிலவேயாம். காலைக் கறவைப் பாலைச் சங்கத்தில் அளப்பதற்கு நேரம் குறிப்பிட்டது. வழியில் டியூப் பஞ்சரானால் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் அளவு முடிந்துவிடும். பாலும் திரிந்துவிடக் கூடும். பழுது பார்க்கும் கடைக்காரரோ அவ்வேளையில் கடை திறந்திருக்க மாட்டார். ஆகையால் வீட்டில் எந்தெந்தச் சாமான்கள் இருக்க வேண்டும், எவை வீண் செலவு என்பதை இங்கே கூறுவோம்.

முதலாவது, காற்றடிக்கும் பம்பு. இதைப் பெரும்பாலோர் சாமான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ரப்பர் டியூப் பஞ்சர் இல்லாதபோதும் சிறிது சிறிதாகக் காற்றை இழப்பது இயல்பு. 20 லிட்டர் கேன் இரண்டைக் கட்டினால் பாலின் நிறை மட்டுமே சுமார் 41 கிலோ ஆகும். கேனின் எடையும் ஆளின் எடையும் வேறு. குறைந்த காற்றுடன் அப்பாரத்தை ஏற்றி ஒரு கல்லின்மீது ஓட்டினால், ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி அறுந்துபோகும். எவ்வளவு காற்று வேண்டுமென்பது டயரின் பக்கத்திலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பம்பில் அளவுமானி இல்லாதவர்கள், பாரமேற்றி ஆளும் அமர்ந்தபின் டயர் தரையில் சற்றே பிதுங்கும்படி அடித்தால் போதும். காலால் மிதித்துப் பிடித்து இரு கையாலும் அடிக்கும் நிற்பம்பே குடும்பத்துக்கு ஏற்றது. வண்டியில் மாட்டும் சிறு பம்பு வழித்துணையாகுமே தவிர நாள்தோறும் அடிக்க உதவாது.

அடுத்தது பஞ்சர் ஒட்டும் சாமான்கள்: டயரைக் கழற்றும் நெம்புகம்பி இரண்டு, உப்புத்தாள், சொல்யூஷன் ஒரு டியூப், ஒட்டுத் துண்டுகள். திருப்புளியால் டயரை நெம்புவது பலருக்கும் பழக்கம்; அதன் கூரான முனையே புதிதாக ஒரு துளையை உண்டாக்கிவிடும். துளையைத் தண்ணீரில் கண்டு அடையாளமிட்டபின், அவ்விடத்தை நன்றாய் உலர்த்தி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். உடனே ஒட்டை வைத்தல் தவறு. பசை ஈரம் வற்றி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் வைத்து அழுத்தினால்தான் நிற்கும்.

ஒட்டுமுன் துளையை நன்கு பார்த்தல் வேண்டும். காரணத்தை அதுவே சொல்லும். அருகருகே இரண்டு துளைகள் இருந்தால் காற்றுக் குறைவு என அறிக. ரிம்மை நோக்கிய பக்கத்தில் இருந்தால், ரிம்மின் உள்ளே சுற்றியுள்ள டேப் நகர்ந்து கம்பியின் தலை குத்துகிறது. வெளிப்பக்கத்தில் ஒற்றைத் துளையானால் முள்ளோ ஆணியோ தைத்ததாகும். சீமைக் கருவேல முள் முனை முறிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றிலும் துடைத்தால் முள் துணியில் மாட்டும், வெறுங்கையால் தடவலாகாது. ஒட்டிய டியூப் மறுநாளே மீண்டும் பஞ்சராவதற்கு இந்த முள்ளே பெரும்பாலும் காரணமாயிருக்க, பழி முழுவதும் சொல்யூஷன்மேல் விழுகிறது.

துளையே காணாமல் இரவில் மட்டும் காற்று இறங்கினால், வால்வின்மேல் மாட்டியுள்ள மெல்லிய ரப்பர்க் குழலைப் பார்க்க. வால்வின் வாயில் சிறிது எச்சில் வைத்தால் குமிழி கிளம்பும். சொற்ப விலையுள்ள அக்குழலில் அரை முழம் எப்பொழுதும் வீட்டில் இருக்கட்டும்.

ஸ்பானர் வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. பல துளைகள் கொண்ட டம்பெல் ஸ்பானர் மலிவானது. ஆனால் நட்டின்மேல் தளர்ந்து உட்கார்ந்து அதன் மூலைகளைத் தேய்த்துவிடும். மூலை தேய்ந்த நட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும் தேடவேண்டிவரும். அளவுக்கேற்ற ஸ்பானர் மூன்றோ நான்கோ போதும். அளவை ஊகித்து வாங்காமல், வண்டியையே கடைக்கு உருட்டிச் சென்று நட்டில் பொருத்திப் பார்த்து வாங்குக. இவற்றுடன் ஒரு திருப்புளியும் ஒரு குறடும் சேர்ந்தால் பெட்டி நிறைந்தது. முப்பது நாற்பது உருப்படி அடங்கிய பெட்டிகளைக் கண்டு மயங்க வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. சமையலறைத் தேங்காயெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ செயினில் விட்டால், நாளடைவில் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவுமேயன்றி உராய்வைத் தடுக்காது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தியபின், மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். டயர், ரிம், பிரேக் கட்டை ஆகியவற்றில் எண்ணெய் படலாகாது; ரப்பர் கெடும், பிரேக்கும் பிடிக்காது.

இனிக் கூறப்போவது பலருக்கு வியப்பளிக்கலாம். செலவை மிகவும் மிச்சப்படுத்தும் கருவி, அங்குலம் குறித்த ஓர் அடி அளவுகோலேயாகும். பள்ளிப் பிள்ளையின் பெட்டியிலேயே அது கிடைக்கும். சைக்கிள் செயினின் கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குலம். ஆகவே ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை, புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஓட ஓடப் பின்கள் தேய்ந்து செயின் நீளும். 12 அங்குலத்துக்குமேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டவுடன் செயினை மாற்றிவிடுதல் உத்தமம். எட்டில் ஒரு பங்கு வரையில் விட்டுவிட்டால், நீண்ட கண்ணி பற்சக்கரத்தின் பல்லையும் ப்ரீவீலின் பல்லையும் அரித்திருக்கும்; பின்பு புதுச் செயின் போட்டாலும் பல்லில் படியாமல் துள்ளும். அப்பொழுது மூன்றையுமே மாற்ற நேரிடுகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அளந்து, தேதியுடன் சுவரிலோ கணக்குப் புத்தகத்திலோ குறித்து வைத்தல் நன்று.

புதுச் செயினைப் பூட்டுகையில், பூட்டுக்கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுபோகும். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை ஆட்டம் இருக்கட்டும்.

க்ராங்கின் காட்டர் பின் அடித்தல், ப்ரீவீல் கழற்றுதல், கோணலான சக்கரத்தைக் கம்பி திருகி நேராக்குதல் ஆகிய இவை மூன்றும் கைதேர்ந்தவரிடம் விடத்தக்கவை. காட்டர் பின்னைத் தாங்கு கொடாமல் சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் பால்ஸ் ஓடும் பாதை பழுதாகும். இவ்வேலைகளில் ஊரில் ஒருவர் பழகியிருப்பின், அதற்குரிய விலையுயர்ந்த கருவிகளை ஐந்தாறு வீட்டார் சேர்ந்து வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்து, எடுத்துப்போவோர் பெயரை நோட்டில் எழுதிவரலாம். பம்பையும் பஞ்சர் சாமானையும் மட்டும் இப்படிப் பொதுவில் வைக்கலாகாது. அவை வேண்டப்படுவது விடியற்காலையில், எல்லா வீட்டிலும் ஒரே வேளையில். சொல்யூஷனை ஒருமுறை திறந்தபின் மூடியை இறுக்காவிட்டால் சில நாளில் உறைந்துவிடும். மழைக்காலம் தொடங்குமுன் அந்த டியூபை ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்க.