மின்சாரம் காட்டிக்கொடுத்த நோய்

இரத்தச் சோகை என்றதும் இரும்புச் சத்துக் குறைவுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கீரையாலும் இரும்பு மாத்திரையாலும் தீராத சோகைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று கதிர் அரிவாள் சோகை. 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், ஒரு மாணவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இக்குறை இருப்பது 1952-இல் தெரியவந்தது.

நடப்பது என்ன?

இயல்பான சிவப்பணு வட்டத் தட்டுப் போன்றது. மெல்லிய தந்துகிகளிலும் நெளிந்து செல்லும். சுமார் 120 நாள் வாழும். இந்நோயிலோ, ஆக்சிஜனை இழந்ததும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. சிவப்பணு விறைத்து வளைந்து தந்துகியை அடைக்கிறது. அதனால் எலும்பிலும் மூட்டிலும் கடும் வலி. இத்தகைய சிவப்பணுக்கள் 10 முதல் 20 நாளில் அழிவதால் சோகை.

இயற்பியலின் உதவி

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் ஹீமோகுளோபின் கரைசலை மின்புலத்தில் வைத்தனர். நோயாளியின் ஹீமோகுளோபின் நகர்ந்த விதம் வேறாக இருந்தது. அப்படியானால் அதன் மின்னூட்டமும் வேறாகத்தானே இருக்க வேண்டும்? காரணத்தை 1957-இல் வெர்னான் இங்கிராம் காட்டினார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில், 6-ஆம் இடத்தில் எதிர்மின்னூட்டமுள்ள குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக மின்னூட்டமற்ற வாலின் இருந்தது. மாற்றம் அவ்வளவே!

காரக் கரைசலில் இயல்பான ஹீமோகுளோபின் நேர்மின்முனை நோக்கி விரைகிறது, குறையுள்ளது பின்தங்குகிறது. நோயின்றிக் குறையை மட்டும் சுமப்பவரிடம் இரண்டு பட்டைகளும் தெரியும். இன்றும் நோயாளியையும் சுமப்பவரையும் பிரித்தறிய இச்சோதனை பயன்படுகிறது.

மருத்துவம்

நிறைய நீர் அருந்துதல், குளிரைத் தவிர்த்தல், ஃபோலிக் அமிலம், குழந்தைகளுக்குப் பெனிசிலினும் தடுப்பூசிகளும், வலியைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா, தேவைப்படும்போது இரத்தம் ஏற்றுதல் ஆகியவை முக்கியம். எலும்பு மச்சை மாற்றம் நோயைக் குணப்படுத்த வல்லது. மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது.

சிந்திக்க

தாய், தந்தை இருவருமே சுமப்பவர்கள். முதல் குழந்தைக்கு நோய் உள்ளது. "நான்கில் ஒன்றுதானே! அடுத்த மூன்றும் தப்பிவிடும்" என்கிறார் ஒருவர். சரியா?

தவறு. ஒருமுறை பூ விழுந்தது என்பதற்காக அடுத்த முறை தலைதான் விழும் என்று நாணயம் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. திருமணத்துக்கு முன்பே இரத்தச் சோதனை செய்வது நல்லது என்பது இதனால்தான்.