எண்ணத்தகு பெயரும் எண்ணத்தகாப் பெயரும்
ஆங்கிலம் கற்கப் புகுவோர்க்கு உணவுப் பொருள்வழி ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் கீழ்வகுப்பொன்றில், காலையில் யாது உண்டாய் என்று ஆங்கிலத்தில் வினவினோம். மாணவன் ஒருவன் எழுந்து, 'ஐ ஏற் டூ பிறெட்ஸ்' என்றான். இரண்டு துண்டு பாண் உண்டேன் என்பதே அவன் கருத்து. வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். பிழையைத் திருத்தினோமேயன்றி, அது பிழையாவது ஏன் என்று விளக்கினோமல்லேம். அவ்வாண்டு முடியுமட்டும் அம்மாணவன் தானாக முன்வந்து ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்று சொல்லாது விட்ட விளக்கத்தை இவ்விழா மலர் வாயிலாகச் சொல்ல முற்படுகின்றோம்.

அம்மாணவன் தன் தாய்மொழியின் இயல்பை ஆங்கிலத்திற்கும் ஏற்றிப் பேசினான். தமிழில் 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்பதும், 'பத்து மாம்பழங்கள் வாங்கினேன்' என்பதும் வழுவற்றனவே. அஃறிணைப் பெயர் 'கள்' விகுதி பெறாமலும் பன்மையை உணர்த்தவல்லது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்னும் இரண்டிலும் பெயர் வேறுபடவில்லை. வினையே ஒருமை பன்மையைக் காட்டுகின்றது. இத்தகைய பெயரை நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். உண்பனவும் பருகுவனவும் அஃறிணையே ஆதலின், மாம்பழத்தையும் பாலையும் ஒரே பாங்கில் வழங்கித் தமிழ் மாணவன் பழகியிருக்கின்றான். ஆங்கிலமோ, பொருளின் பெயரைச் சொல்லும்போதே, அது ஒன்றா, பலவா, அன்றி எண்ணுதற்கு ஆகாததா எனத் துணியுமாறு வேண்டுகின்றது.

எனினும், இவ்வேறுபாடு தமிழனுக்கு முற்றும் புதியதன்று. 'எத்தனை மாம்பழம்?' என்று கேட்கும் நாம், 'எத்தனை பால்?' என்று கேட்பதில்லை, 'எவ்வளவு பால்?' என்றே கேட்கின்றோம். 'எத்தனை' எண்ணை வினவுவது. 'எவ்வளவு' அளவை வினவுவது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ஹவ் மெனி' என்பதும், பின்னதற்கு 'ஹவ் மச்' என்பதும் நேராகும். ஆகவே, ஐயம் எழுந்துழி மாணவன் முதலில் தமிழில் வினவிப் பார்ப்பானாக. 'எத்தனை' பொருந்துமாயின் அது பெரும்பாலும் எண்ணத்தகு பெயர். 'எவ்வளவு' மட்டுமே பொருந்துமாயின் அது பெரும்பாலும் எண்ணத்தகாப் பெயர்.

முட்டை, வாழைப்பழம், கத்தரிக்காய், வெங்காயம், அப்பம் என்பன எண்ணத்தகுவன. பால், நீர், சீனி, உப்பு, மா, எண்ணெய், தேன் என்பன எண்ணத்தகாதன. கடையில் ஒரு பொருள் நிறுத்து விற்கப்படுவது கொண்டு அதனை எண்ணத்தகாதது என்று முடிவு செய்தல் கூடாது. தக்காளியை நிறுத்தே வாங்குகின்றோம்; ஆயினும், 'ஒரு தக்காளி எடுத்து வா' என்று சொல்லுதல் கூடும். அதனால் அது எண்ணத்தகு பெயரே.

இனி, இப்பாகுபாட்டால் விளையும் விதிகள் நான்கினைக் கூறுவோம்.

1. எண்ணத்தகு பெயர் ஒருமையில் தனித்து நிற்பதில்லை. 'எ பனானா', 'ஆன் எக்' என முன்னே 'எ' அல்லது 'ஆன்' வருதல் வேண்டும். அன்றி 'த', 'மை' போன்ற வேறொரு சொல்லேனும் வருதல் வேண்டும். எண்ணத்தகாப் பெயரின் முன் 'எ', 'ஆன்' வாரா. 'சம் மில்க்' என்க. 'எ மில்க்' என்னற்க.

2. எண்ணத்தகு பெயர் பன்மையில் விகுதி ஏற்கும்: 'எக்ஸ்', 'பனானாஸ்'. எண்ணத்தகாப் பெயர் அதனை ஏலாது. அதன் வினையும் ஒருமையாகவே முடியும். சோறு எத்துணை மிகுதியாக இருப்பினும் 'த றைஸ் இஸ் ஹொட்' என்பதே முறை.

3. பலவற்றைக் குறிக்க 'மெனி'யும், சிலவற்றைக் குறிக்க 'எ ஃபியூ'வும் எண்ணத்தகுவனவற்றுக்கு உரியன. மிகுதிக்கு 'மச்'சும், சிறிதளவுக்கு 'எ லிற்றில்' என்பதும் எண்ணத்தகாதனவற்றுக்கு உரியன. 'சம்', 'எ லொற் ஒஃப்' என்பன இரண்டிற்கும் பொது.

4. எண்ணத்தகாததனை எண்ணவேண்டின், அதனைக் கொள்கலத்தாலோ, வடிவத்தாலோ, நிறையாலோ எண்ணுக. 'டூ கப்ஸ் ஒஃப் டீ', 'டூ கிலோஸ் ஒஃப் சுகர்' என்பவற்றில் பன்மை விகுதி அளவுச் சொல்லையே சேர்கின்றது. பொருட்பெயர் மாறாது நிற்கின்றது. தமிழில் '2 கிலோ சீனி' என இடைச்சொல் இன்றிக் கூறும் வழக்கத்தால், இடையில் வரும் 'ஒஃப்' என்பதனை எம் மாணவர் விட்டுவிடுகின்றனர். இது கருத்திற் கொள்ளத்தக்கது.

இவ்விதிகளை நினைவிற் கொண்டு அம்மாணவனுடைய பாணுக்கு வருவோம். 'பாண்' போர்த்துக்கேயர் வழியாக எம் நாட்டுத் தமிழிற் புகுந்த சொல். நாம் அச்சொல்லால் உணவையும் குறிக்கின்றோம்; போறணையிலிருந்து வரும் முழு உருவையும் குறிக்கின்றோம். ஆதலால் 'எத்தனை பாண்?' என்று கேட்பது எமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் 'பிறெட்' என்பது உணவை மட்டுமே குறிப்பது. முழு உருவுக்கு 'லோஃப்' என்றும், வெட்டிய துண்டுக்கு 'ஸ்லைஸ்' என்றும் வேறு சொற்கள் உள. எனவே அவன் 'டூ ஸ்லைசஸ் ஒஃப் பிறெட்' என்று சொல்லியிருத்தல் வேண்டும். 'எத்தனை', 'எவ்வளவு' என்னும் சோதனை பிறழும் இடங்களில் இது ஒன்று. இவ்விடங்களை மட்டும் தனியே மனத்திற் பதித்தல் வேண்டும்.

பிறழ்வு ஏன் உண்டாகின்றது? எண்ணத்தகுதி பொருளின் இயல்பை மட்டும் பற்றியதன்று. ஒரு மொழி அப்பொருளை எங்ஙனம் நோக்குகின்றது என்பதையும் பற்றியது. எம் அடுக்களையிலேயே இதற்குச் சான்றுண்டு. மைசூர்ப் பருப்பை ஆங்கிலத்தில் 'லென்றில்ஸ்' என்றால் அது எண்ணத்தகு பெயரின் பன்மை. அதே பருப்பை 'டால்' என்றால் அது எண்ணத்தகாப் பெயர். சட்டியும் ஒன்று, பருப்பும் ஒன்று. இலக்கணம் மட்டும் இரண்டு. அவ்வாறே 'றைஸ்' எண்ணத்தகாதது. அதனினும் சற்றே பெரிய மணியையுடைய 'பீன்ஸ்' எண்ணத்தகுவது.

ஆங்கிலேயரும் இத்துறையில் மயங்கியதுண்டு. பட்டாணிக்கு அவர்தம் பழைய சொல் 'பீஸ்' என்பதாகும். அது ஒருமையாகவும் தொகுதிப் பெயராகவும் வழங்கியது. இறுதியில் ஒலிக்கும் எழுத்தும் சொல்லின் பகுதியே. காலப்போக்கில் மக்கள் அதனைப் பன்மை விகுதியென மயங்கி, 17ஆம் நூற்றாண்டளவில் விகுதியை நீக்குவதாக எண்ணிப் 'பீ' என்னும் புதிய ஒருமைச் சொல்லை ஆக்கிக்கொண்டனர். அம்மயக்கமே இன்று இலக்கணமாய் நிலைத்துவிட்டது. 'டூ பிறெட்ஸ்' என்ற மாணவனை நோக்கிச் சிரித்தோர் இதனை அறிதல் நன்று.

நிற்க. ஒரே சொல் இருவகையாகவும் வருதலுண்டு. முழுத் தேங்காய் 'எ கோக்கனற்'. துருவிய தேங்காய்ப்பூ 'சம் கோக்கனற்'. உயிருள்ள கோழி 'எ சிக்கன்'; கறியில் இடும் இறைச்சி 'சிக்கன்'. 'ஐ ஏற் எ சிக்கன்' என்பான் முழுக்கோழி ஒன்றைத் தின்றவனாகின்றான்! பொருள் தன் உருவை இழந்தவிடத்து எண்ணையும் இழக்கின்றது என்று கொள்க. இதற்கு மறுதலையாக, தேநீர்க்கடையில் 'டூ டீஸ், பிளீஸ்' என்பது ஏற்புடைத்து. இரண்டு கோப்பைத் தேநீர் என்பது அங்கே குறிப்பாற் பெறப்படும். நாம் 'இரண்டு தேநீர் தாரும்' என்பதும் இத்தகையதே.

இப்பாகுபாட்டை ஆராய்ந்தோருள் தென்மார்க்கு நாட்டறிஞர் ஒற்றோ யெஸ்பேர்சன் குறிப்பிடத்தக்கவர். 1924இல் வெளிவந்த தம் இலக்கண மெய்யியல் நூலில் அவர் எண்ணத்தகு பெயர்களையும் பிண்டப்பொருட் பெயர்களையும் வேறு பிரித்து விளக்கினார். ஹோன்பியும் அவர்தம் துணைவரும் தொகுத்த அகராதி 1942இல் யப்பானிலும், 1948இல் ஒக்ஸ்போட்டிலும் வெளிவந்தது. அதில் எண்ணத்தகு பெயருக்கு 'சீ' என்னும் எழுத்தும், எண்ணத்தகாப் பெயருக்கு 'யூ' என்னும் எழுத்தும் குறியீடாக இடப்பட்டன. இன்றும் மாணவர்க்குரிய அகராதிகள் பல இவ்வழக்கைப் பின்பற்றுகின்றன. புதிய சொல்லொன்றைக் கற்கும்போது பொருளோடு அவ்வெழுத்தையும் பார்த்துக் கொள்க.

உணவிற் பெற்ற இப்பழக்கம் பிற இடங்களிலும் உதவும். அறிவுரையைக் குறிக்கும் 'அட்வைஸ்', தகவலைக் குறிக்கும் 'இன்ஃபமேஷன்', தளபாடத்தைக் குறிக்கும் 'ஃபேர்னிச்சர்' என்பனவும் எண்ணத்தகாதனவே. படித்தோர் எழுதும் விண்ணப்பங்களிலும் இவை பன்மை விகுதி பெற்று வருதலைக் கண்டிருக்கின்றோம்.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்திற் கூறுக.
(அ) எவ்வளவு சீனி? (ஆ) எத்தனை முட்டை? (இ) இரண்டு முழுப் பாண். (ஈ) சிறிதளவு பால். (உ) சில வாழைப்பழம்.

விடை: (அ) 'ஹவ் மச் சுகர்?' (ஆ) 'ஹவ் மெனி எக்ஸ்?' (இ) 'டூ லோவ்ஸ் ஒஃப் பிறெட்'. (ஈ) 'எ லிற்றில் மில்க்'. (உ) 'எ ஃபியூ பனானாஸ்'.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இப்பாடத்திற்குக் கரும்பலகை வேண்டியதில்லை. உங்கள் இல்லத்து உணவு மேசையே போதும். பிள்ளைகள் தவறுவராயின், தமிழில் அதனை எவ்வாறு கேட்பாய் என்று முதலில் வினவுங்கள். பின்பு இரு மொழியும் வேறுபடும் இடத்தைக் காட்டுங்கள். சிரிப்பை மட்டும் அடக்கிக் கொள்ளுங்கள். அன்று நாம் அதனைச் செய்யத் தவறியதால் ஒரு மாணவனின் ஓராண்டு வீணாயிற்று.