மலையில் இறக்கிய முடி

சித்தூர் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திருப்பதியிலிருந்து ஒரு பஸ் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பலருக்கு மொட்டைத் தலை. தலை முழுவதும் சந்தனம். அப்பாவுக்கு மொட்டை. தோளில் தூங்கும் குழந்தைக்கு மொட்டை. பாட்டிக்கும் மொட்டை. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் அது அவ்வளவு சாதாரணம்.

குழந்தைக்கு உடம்பு சரியானால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொள்கிறோம். மழை பெய்தால் தருகிறேன், மகனுக்கு வேலை கிடைத்தால் தருகிறேன் என்று வேண்டிக்கொள்கிறோம். கொடுப்பதற்குக் கையில் காசு இல்லாதவர்களுக்கும் தலையில் முடி இருக்கிறது. பெண்களில் சிலர் முழு மொட்டை போடாமல் பூமுடி மட்டும் கொடுப்பார்கள்.

முடியை இறக்குகிறோம். குளிக்கிறோம். சாமி பார்க்கிறோம். லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். நம் முடி எங்கே போகிறது?

அது கடல் கடந்து போகிறது. பெரும் பகுதி வெளிநாட்டுக்குத்தான். அமெரிக்காவில் யாரோ ஒரு பெண் அதைத் தன் தலையில் வைத்துத் தைத்துக்கொள்கிறாள். அவள் யார்? அவளுக்கு எதற்கு நம் முடி?

கல்யாண கட்டா

திருமலையில் முடி இறக்கும் இடத்துக்குக் கல்யாண கட்டா என்று பெயர். இரவு பகல் எந்த நேரமும் அங்கே வேலை நடக்கும். சாதாரண நாளிலேயே 20,000 முதல் 30,000 பேர் வரை முடி இறக்குகிறார்கள். வரிசையில் நின்றால் ஒரு சீட்டும் பிளேடும் தருவார்கள். கட்டணம் கிடையாது.

தொழிலாளி வரிசையாக உட்கார்ந்திருப்பார். முன்னால் தண்ணீர். தலையை நனைத்து, குனியச் சொல்லி, சில நிமிடத்தில் முடித்துவிடுவார். அழுகிற குழந்தையின் தலையில் ஒரு கீறல் விழாமல் மழிப்பது லேசான வேலை இல்லை. இடுப்பு வலிக்கும். கை மரத்துப்போகும். இவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களும் உண்டு. 2020 மார்ச் மாதம் கொரோனா நோயால் பக்தர்கள் வருவது நின்றது. ஜூன் மாதம்தான் கோயில் மறுபடி திறந்தது. தலையை எண்ணிக் கூலி வாங்குகிறவருக்கு அந்த மாதங்களில் எண்ணுவதற்குத் தலையே இல்லை.

நீளமான முடி என்றால் மழிப்பதற்கு முன் அதை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவார்கள். ஏன் தெரியுமா? உங்கள் தலைமுடி ஒன்றை எடுங்கள். வேரிலிருந்து நுனி வரை இரண்டு விரலால் உருவுங்கள். வழவழவென்று போகும். இப்போது நுனியிலிருந்து வேர்ப் பக்கம் உருவுங்கள். சொரசொரப்பாக இருக்கும். மீனுக்குச் செதில் இருப்பது போல முடிக்கும் கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கிறது. எல்லா முடியும் ஒரே திசையில் இருந்தால் சிக்கு விழாது. வேரும் நுனியும் மாறிக் கலந்துவிட்டால் சடை பிடித்துவிடும். ஒரே திசையில் கட்டிய முடிக்குத்தான் சந்தையில் நல்ல விலை.

என்ன விலை?

இறக்கிய முடியைத் தேவஸ்தானம் சேர்த்து, காயவைத்து, நீளப்படி பிரிக்கிறது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 31 அங்குலத்துக்கு மேல் இருந்தால் முதல் வகை. அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் முழம். அதற்குக் குறைந்தது அடுத்த வகை. இப்படியே இறங்கி, ஐந்து அங்குலத்துக்குக் குறைவானது கடைசி வகை. நரைமுடி தனி.

பிறகு ஏலம். 2011ஆம் ஆண்டு முதல் கம்ப்யூட்டர் வழியாக ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் முதல் வகை முடி கிலோ 20,000 ரூபாய்க்கு மேல் போனது. கடைசி வகை கிலோ 25 ரூபாய்கூட இல்லை. ஆண்களின் கிராப்பு முடி பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். விலை உள்ளது பெண்களின் கூந்தல். முடி விற்ற வருமானம் பல ஆண்டுகளில் 100 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அது தேவஸ்தானத்தின் கணக்கில் சேர்கிறது.

கோயில் முடி ஒரு வகை. வீட்டு முடி இன்னொரு வகை. தலை வாரும்போது சீப்பில் வரும் சிக்குமுடியைச் சுருட்டி ஓலையில் செருகி வைக்கும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு உண்டு. தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். முடியை வாங்கிக்கொண்டு ஹேர்பின், பாத்திரம் ஏதாவது தருவார். அந்தச் சிக்குமுடியைப் பெண்கள் உட்கார்ந்து இழை இழையாகப் பிரிக்கிறார்கள். கண் எரியும் வேலை. கூலி குறைவு.

ஏலத்தில் எடுத்த முடியைச் சென்னையில் உள்ள பட்டறைகளில் சுத்தம் செய்கிறார்கள். அலசுகிறார்கள். ஆணிகளை வரிசையாக நிறுத்திய பலகையில் இழுத்துச் சீவுகிறார்கள். கட்டுக் கட்டாக்குகிறார்கள். அங்கிருந்து அது வெளிநாட்டுக்குப் புறப்படுகிறது.

அங்கே அதை வாங்குகிறவர்கள்

சவுரி வைத்துப் பின்னுவது நமக்குத் தெரியும். பரதநாட்டியம் ஆடும் பெண்ணுக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் சவுரி உண்டு. அமெரிக்காவில் சொந்த முடியை ஒட்டப் பின்னி, அதன்மேல் வாங்கிய முடியை ஊசி நூலால் தைக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆகும். செலவும் அதிகம். புற்றுநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடி கொட்டியவர்கள் விக் வாங்குவார்கள். நடிகர்கள் வாங்குவார்கள். ஆனால் அங்கே மிகுதியாக வாங்குகிறவர்களில் கறுப்பினப் பெண்கள் முக்கியமானவர்கள். இது வெறும் அலங்கார ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

கறுப்பின மக்களின் முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். மாட்டைப் போல விற்றார்கள். பருத்திக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள். அவர்களுக்கு இயற்கையாகவே முடி சுருள் சுருளாக இருக்கும். வெள்ளையர் அதைக் கேலி செய்தார்கள்.

அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண்களும் சிலர் இருந்தார்கள். லூசியானா என்ற பகுதியில் அவர்கள் தலையை அழகாக அலங்காரம் செய்துகொண்டார்கள். அது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் தலையைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று 1786இல் உத்தரவு போட்டார்கள். பெண்கள் என்ன செய்தார்கள்? உத்தரவை மீறவில்லை. நல்ல நல்ல வண்ணத் துணியாகப் பார்த்து, முன்பைவிட அழகாகக் கட்டிக்கொண்டார்கள்! அப்படிக் கட்டிய துணிகளில் நம் மதராஸ் கட்டம் போட்ட துணியும் உண்டு. நம் கைத்தறி அவர்கள் தலைக்குப் போனது அப்போதே தொடங்கிவிட்டது.

துணி வெளுத்த பெண்

அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. இரண்டு வருடம் கழித்து, 1867இல், அதே லூசியானாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் சாரா. பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். சாரா ஏழு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்தது ஏறக்குறைய மூன்று மாதம்தான். 14 வயதில் கல்யாணம். 20 வயதில் விதவை. கையில் ஒரு பெண் குழந்தை.

சாராவின் அண்ணன்மார் செயின்ட் லூயிஸ் நகரில் முடி வெட்டும் தொழில் செய்தார்கள். அவர்களை நம்பி அங்கே போனாள். ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தாள். காரச் சோப்பு, நீராவி, வெயில். தலையில் புண் வந்து முடி கொட்டியது. அவளைப் போல நிறையப் பெண்கள் இருந்தார்கள். தினமும் தலை குளிக்க அவர்கள் வீட்டில் குழாய் இல்லை. சாரா முதலில் வேறொருவர் தயாரித்த தலை மருந்தை வீடு வீடாக விற்றாள். பிறகு தானே ஒரு மருந்து தயாரித்தாள். மறுமணத்துக்குப் பிறகு அவருக்கு மேடம் சி. ஜே. வாக்கர் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரையே மருந்துக்கும் வைத்தார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். சமையல் வேலையும் துணி வெளுக்கும் வேலையும் செய்துவந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயிற்சி பெற்று, மருந்து விற்றுச் சம்பாதித்தார்கள். 1917இல் அந்தப் பெண்களை ஒரே இடத்தில் கூட்டி மாநாடு நடத்தினார். கறுப்பினத்தவரைக் கும்பல் கூடி அடித்துக் கொல்வதைத் தடுக்க வேண்டும் என்று அந்த மாநாடு நாட்டின் ஜனாதிபதிக்குத் தந்தி கொடுத்தது. தலை வாரக் கற்ற பெண்கள் தந்தியும் கொடுத்தார்கள். 1919இல் அவர் இறந்தார்.

அந்தக் காலத்திலேயே சுருள் முடியைச் சூடான சீப்பால் நேராக்கும் பழக்கம் பரவியது. நேரான முடி இருந்தால்தான் நல்ல இடத்தில் வேலை கிடைக்கும் என்ற நிலை இருந்தது. பிறகு காரமான மருந்து பூசி நேராக்கினார்கள். தலைத்தோல் வெந்துபோகும். வலியைப் பொறுத்துக்கொண்டார்கள். அதுவும் வேண்டாம் என்றால் நேரான முடியை வாங்கித் தைத்துக்கொள்ள வேண்டும். நம் மலையில் இறக்கிய முடிக்கு அங்கே இப்படித்தான் இடம் கிடைத்தது.

முடிக்காக ஒரு வழக்கு

1960களில் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுப் போராடினார்கள். அப்போது பலர் முடியை நேராக்குவதை விட்டார்கள். இயற்கையாக வளரவிட்டு, பெரிய பந்து போல வைத்துக்கொண்டார்கள். எங்கள் முடி எங்களுக்கு அழகு என்றார்கள்.

ஆனால் வேலை இடத்தில் தொல்லை தீரவில்லை. ஒரு விமான நிறுவனத்தில் வேலை செய்த கறுப்பினப் பெண் முடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னிக்கொண்டு வந்தார். கூடாது என்றது நிறுவனம். அவர் நீதிமன்றம் போனார். 1981இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் சொன்னதுதான் செல்லும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வேலையில் குற்றம் இல்லை. பின்னல்தான் குற்றம்!

அந்த நிலை மாற 38 வருடம் ஆனது. 2019இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. சுருள் முடி, பின்னல், சடை இவற்றைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் யாரையும் ஒதுக்கக் கூடாது. இதற்குக் கிரவுன் சட்டம் என்று பெயர். கிரவுன் என்றால் கிரீடம். அதன்பின் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதே போலச் சட்டம் போட்டன. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கொண்டுவர 2022இல் முயன்றார்கள். ஒரு சபையில் நிறைவேறியது. மற்ற சபையில் நிறைவேறவில்லை.

அதே 2022இல் இன்னொரு செய்தியும் வந்தது. முடியை நேராக்கும் மருந்தை அடிக்கடி பூசும் பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு ஒன்று சொன்னது. இப்போது நம் ஊர் பியூட்டி பார்லர்களிலும் முடியை நேராக்குகிறார்கள். என்ன மருந்து பூசுகிறார்கள் என்று கேட்டு, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பது நல்லது. படிக்கத்தான் இப்போது தெரியுமே!

தெருவில் எரிந்த விக்

அமெரிக்காவில் நம் முடியை வாங்கியவர்களில் யூத சமயப் பெண்களும் உண்டு. அவர்களில் கட்டுப்பாடான பிரிவினர், கல்யாணமான பெண் தன் கூந்தலைப் பிறர் பார்க்க விடக் கூடாது என்று நினைக்கிறார்கள். அதனால் சிலர் துணி கட்டுவார்கள். சிலர் விக் வைப்பார்கள். தன் முடியை மறைக்க இன்னொருத்தி முடி! 2004 மே மாதம், வேறு சமயக் கோயிலில் காணிக்கையாக இறக்கிய முடியை அணியக் கூடாது என்று ஜெருசலேம் நகரில் உள்ள அவர்களின் மூத்த குரு சொன்னார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் விலை உயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நாம் சாமிக்குக் கொடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தடையாகிவிட்டது.

கத்தி பிடித்த பெண்கள்

திருமலையிலும் ஒரு மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் கல்யாண கட்டாவில் பெண்களுக்கும் ஆண்களே மொட்டை போட்டார்கள். முன்பின் தெரியாத ஆணின் முன் தலை குனிந்து உட்காரப் பல பெண்களுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டுதலுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

நாவிதர் சமூகத்துப் பெண்கள் அந்த வேலையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெண் கத்தி பிடிப்பதா, சாஸ்திரம் ஒப்புமா என்று சிலர் தயங்கினார்கள். இந்தத் தயக்கம் வேடிக்கையானது. அந்தச் சமூகத்துப் பெண்கள்தான் ஊர் முழுவதற்கும் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். தொப்புள் கொடி அறுக்க அவர்கள் கை வேண்டும். முடி மழிக்க மட்டும் வேண்டாமா? 2000க்குப் பிறகு பெண்களையும் வேலைக்கு எடுத்தார்கள். இன்று பெண்களுக்கு மொட்டை போடப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திருப்பதி 2022 ஏப்ரல் முதல் தனி மாவட்டம். ஆனாலும் சித்தூர், நகரி பக்கத்து ஜனங்கள் பழையபடியேதான் மலைக்குப் போகிறார்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் கடைசியாக யார் மொட்டை போட்டார்கள்? என்ன வேண்டுதல்?

2. சிக்குமுடியைக் கொடுத்து நீங்கள் என்ன வாங்கியிருக்கிறீர்கள்? அதன் விலை என்ன இருக்கும்?

3. கணக்குப் போடுங்கள். ஒரு கூந்தலின் எடை 200 கிராம். ஒரு கிலோ 20,000 ரூபாய் என்றால் அந்தக் கூந்தல் என்ன விலை?

4. முடியைப் பார்த்து, உடையைப் பார்த்து, ஒருவருக்கு வேலை இல்லை என்று சொன்னது உங்கள் ஊரில் நடந்ததுண்டா? அவர் என்ன செய்தார்?