கை, கால் தேறினால் மனசும் தேறிவிடாதா?

கேள்வி: பக்கவாதம் வந்த என் தந்தை பிசியோதெரபிக்கு வர மறுக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். கை, கால் தேறினால் மனசும் தானாகத் தேறிவிடாதா?

பதில்: அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. முடங்கிப்போனால் யாருக்கும் வருத்தம் வரத்தானே செய்யும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மூளையில் ஏற்பட்ட சேதமே ஊக்கத்தையும் உணர்ச்சியையும் குலைக்கக்கூடும். சோர்ந்தவர் பயிற்சிக்கு வரமாட்டார். பயிற்சி இல்லாமல் கை, கால் எப்படித் தேறும்? அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடலாமே என்றால், அதுவும் சரியில்லை. பிரிட்டனில் பக்கவாதம் வந்த 3,000-க்கும் மேற்பட்டோரிடம் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்து, 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது. உடல் இயக்கம் கூடுதலாகத் தேறவில்லை, எலும்பு முறிவும் அதிகமானது. ஆகவே முதல் தேவை மதிப்பீடு: சோர்வா, மறதியா, கவனக் குறைவா, பேச்சிழப்பா என்று பிரித்தறிவது. பேச முடியாதவரின் மௌனத்தைப் பிடிவாதம் என்று ஏசும் வீடுகளை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. தந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் இந்த மாற்றங்களைச் சொல்லி, இந்த வாரமே மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் இலவசமாகப் பேசலாம்.