துருப்பிடித்த ஸ்டூட்பேக்கருக்கு 15 லட்சமா?

கேள்வி: வடக்குக் கொல்கத்தாவில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் 1950-களின் ஸ்டூட்பேக்கர் சாம்பியன் நிற்கிறது. ஓடவில்லை, எங்கும் துரு. 15 லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அம்பாசிடர் வருவதற்கு முன்பே உங்கள் ஊருக்குப் பக்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூட்பேக்கர்களை அசெம்பிள் செய்து விற்றது. அமெரிக்க வண்டி என்றாலும் உங்கள் ஊர்க்காரிதான்.

எஞ்சின் ஓடாதது பெரிய விஷயமல்ல. எளிமையான ஆறு சிலிண்டர். மல்லிக் பஜாரில் கைதேர்ந்த மிஸ்திரிகள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது பாடிக்குத்தான். மழைத்தண்ணீர் தேங்கும் சந்தில் நின்ற வண்டியை அடியிலிருந்துதான் துரு தின்னும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பில் வையுங்கள். ஒட்டவில்லையா? பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகடல்ல, பட்டி. கால்மிதியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். நமத்த அப்பளம் மாதிரி உள்வாங்கினால் சேசிஸையும் சந்தேகப்படுங்கள். டிங்கரிங், வெல்டிங் என்று இறங்கினால் செலவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. கிரில், முன்கண்ணாடி, குரோம் பட்டை இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் எண் வண்டியோடு பொருந்துகிறதா பாருங்கள். 2021 விதிகளின்படி, 50 வயது தாண்டி மூல வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' எண் பலகை உண்டு. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது.

தகடு தேறினால், கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். போகும்போது மிஸ்திரி ஒருவரைக் கூட்டிப்போங்கள். நல்ல மழைக்கு மறுநாள் போனால், ஷெட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.