பட்டணத்துக்கு வந்த வாலிப ஆசிரியருக்கு ஒரு வேதபாடம்

வேதபகுதி: அப்போஸ்தலர் 18:1-18
மனப்பாடம் செய்ய: அப்போஸ்தலர் 18:10

 

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், நெல்லை எக்ஸ்பிரஸிலும் முத்துநகர் எக்ஸ்பிரஸிலும் வந்து எழும்பூரில் இறங்குகிற நம் வாலிபப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கையிலே பி.எட். சான்றிதழ், பெட்டிக்குள்ளே அம்மா எடுத்து வைத்த வேதாகமம். ஊரிலே ஓய்வுநாள் பள்ளி நடத்தினவர்கள், உபவாசக் கூட்டத்திலே முன்வரிசையில் இருந்தவர்கள். சென்னையிலே ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்துவிடுகிறது. தம்பிக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு அறை, தங்கச்சிக்குத் தாம்பரம் பக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். ஆறு மாதம் கழித்து விசாரித்துப் பாருங்கள்.

"என்ன தம்பி, எந்த சபைக்குப் போறீங்க?"

"இன்னும் செட்டாகல ஐயா. ஒரு ஞாயிறு இங்க, ஒரு ஞாயிறு அங்க. போன வாரம் டென்த் பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சிட்டாங்க. ராத்திரி ரூம்ல போன்லயே ஆராதனை பார்த்துக்கிட்டேன்."

இந்தத் தம்பி குடிக்கவில்லை, தவறான வழிக்குப் போகவில்லை, ஆண்டவரை மறுதலிக்கவும் இல்லை. ஆனாலும் அவனுக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அணைந்துகொண்டு வருகிறது. அவன் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஒருவரும் இல்லை. பட்டணத்திலே விசுவாசத்துக்கு வருகிற பெரிய சோதனை பல சமயம் பாவத்தின் வேஷத்தில் வருவதில்லை. யாரும் நம்மை அறியாத இடத்தில், யாருக்கும் தெரியாமலே இருந்துவிடலாம் என்கிற சௌகரியமாக வருகிறது. இந்த சௌகரியத்தைக் குறித்துத்தான் இன்றைக்குத் தியானிக்கப் போகிறோம். நானும் கரும்பலகைக்கு முன்னே நிற்கிறவன்தான். ஆகவே உங்களில் ஒருவனாக எழுதுகிறேன்.

1. கொரிந்து எப்படிப்பட்ட பட்டணம்?

பவுல் அத்தேனேயை விட்டுக் கொரிந்துக்கு வந்தார். அந்தப் பட்டணத்தின் சரித்திரத்தை அறிந்தால் இந்த அதிகாரம் நன்றாய் விளங்கும். கி.மு. 146ல் ரோமர்கள் பழைய கொரிந்தை இடித்துப் போட்டார்கள். சுமார் நூறு வருஷம் கழித்து, கி.மு. 44ல் ஜூலியஸ் சீசர் அதைத் திரும்பக் கட்டும்படி செய்தான். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் அநேகர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்கள். இரண்டு கடல்களுக்கு நடுவே, இரண்டு துறைமுகங்களோடு இருந்தபடியால் வியாபாரமும் பணமும் பெருகிற்று. நாலா தேசத்து ஜனங்களும் வந்து சேர்ந்தார்கள். பக்கத்து இஸ்த்மியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஓடி ஜெயித்தவனுக்கு இலைகளால் கட்டின, வாடிப்போகிற கிரீடம்.

ஆக, எல்லாரும் பிழைக்க வந்த ஊர். எல்லாரும் ஓடுகிற ஊர். அடுத்த வீட்டுக்காரன் யார் என்று தெரியாத ஊர். நமக்குப் பழக்கமான ஊர்தானே? முதல் ரேங்குக்காகப் பிள்ளைகளையும், நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஆசிரியர்களையும் ஓட விடுகிற நம் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களும் அந்த வாடிப்போகிற கிரீடத்துக்குத்தானே ஓடுகின்றன?

2. பயத்தோடு வந்த போதகர்

பவுல் கொரிந்துக்கு எப்படி வந்தார்? அவரே பின்னாளில் எழுதுகிறார்: பலவீனத்தோடும், பயத்தோடும், மிகுந்த நடுக்கத்தோடும் தான் அவர்களிடத்தில் இருந்ததாக (1 கொரி. 2:3). அத்தனை பெரிய அப்போஸ்தலனே நடுங்கினார் என்றால், முதல் நாள் ஐம்பது பிள்ளைகளுக்கு முன் நின்று கால் நடுங்குகிற தங்கச்சி வெட்கப்பட என்ன இருக்கிறது? பயம் வருவது அவிசுவாசம் அல்ல. பயத்தினாலே ஒளிந்துகொள்வதுதான் ஆபத்து.

பவுல் ஒளிந்துகொள்ளவில்லை. அவர் முதலாவது செய்தது என்ன? ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். கிலவுதியு ராயனின் கட்டளையினால் ரோமாபுரியை விட்டு வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியிடம் போனார். அவர்களுக்கும் அவருக்கும் ஒரே தொழில், கூடாரம் பண்ணுவது. அவர்களோடேயே தங்கி வேலை செய்தார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். வாரநாளில் கைவேலை, ஓய்வுநாளில் தேவவேலை, நடுவிலே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு குடும்பம். இந்த மூன்றும் அவருக்கு இருந்தன.

வாலிபனே, உனக்கு வேலை இருக்கிறது. போனிலே பிரசங்கமும் இருக்கிறது. ஆனால் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நேத்து ஏம்ப்பா முகம் வாடியிருந்துச்சு?" என்று கேட்கிற ஒரு வீடு இருக்கிறதா? போன் உனக்குப் பிரசங்கத்தைத் தரும். நீ ஜுரத்தில் படுத்திருக்கும்போது கஞ்சி கொண்டுவராது. பிரசங்கியார் நன்றாய்ப் பேசுகிற இடம், பாட்டு நன்றாய் இருக்கிற இடம் என்று வாரத்துக்கு ஒன்றாய்ச் சுற்றாதே. சத்தியத்தைப் பிரசங்கிக்கிற ஒரு சபையில், சின்னதானாலும் சரி, வேரூன்று. பவுல் கொரிந்திலே ஒன்றரை வருஷம் தங்கினார் (வச. 11). தங்காத இடத்தில் கனி இல்லை.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயுவும் வந்து சேர்ந்த பிறகே பவுல் வசனத்தைச் சொல்வதில் முழு மூச்சாய் ஈடுபட்டார் (வச. 5). பிள்ளையை ரயில் ஏற்றிவிட்டதோடு நம் கடமை முடியவில்லை. பட்டணத்திலுள்ள ஒரு போதகருக்கு அவன் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். "சம்பளம் வந்திச்சா?" என்று கேட்கிற அதே போனில் "ஜெபிச்சியா?" என்றும் கேளுங்கள்.

3. மவுனமாயிருக்கக் கூடாத இடம்

ஜெப ஆலயத்தார் எதிர்த்து நின்று தூஷித்தபோது, பவுல் பக்கத்து வீடாகிய யுஸ்துவின் வீட்டுக்குப் போனார். அந்த நாட்களில் இராத்திரியிலே கர்த்தர் அவருக்குத் தரிசனமானார். பயப்பட வேண்டாம், வாயை அடைத்துக்கொள்ள வேண்டாம், உன்னோடு நான் இருக்கிறேன் என்று அவரைத் திடப்படுத்தினார்.

"பிரதர், நாங்க வகுப்பிலே எப்படிப் பேசறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாடவேளை பாடத்துக்காகக் கொடுக்கப்பட்டது. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம். நம் கைக்குக் கீழே இருக்கிற சின்னப் பிள்ளையின் மேல் நம் அதிகாரத்தைப் போட்டு மார்க்கத்தைத் திணிப்பது சுவிசேஷம் ஆகாது. முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடக்கிற பள்ளிகளில் மத போதனை கூடாது என்று நம் அரசியல் சாசனத்தின் 28வது பிரிவும் சொல்கிறது. கணக்கு வாத்தியார் கணக்கை உண்மையாய் நடத்துவதே அவருடைய முதல் சாட்சி. கேட்கிறவர்களுக்குச் சொல்லவும், வேலை நேரத்துக்கு வெளியே சாட்சி பகரவும் நமக்கு எத்தனையோ வாசல்கள் உண்டு.

ஆனால் மவுனமாயிருக்கக் கூடாத ஒரு இடம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃபீஸ் கட்டவில்லை என்று ஒரு பிள்ளையை வராந்தாவிலே நிற்க வைக்கிறார்கள். ஜாதியைச் சொல்லி ஒருவர் ஸ்டாஃப் ரூமிலே கேலி பேசுகிறார். மார்க் குறைந்த பையனை எல்லார் முன்னாலும் "மாடு மேய்க்கப் போ" என்கிறார்கள். அங்கே நீ என்ன செய்கிறாய்? "நமக்கெதுக்கு வம்பு, வேலை போயிட்டா என்ன பண்றது?" என்று டீ கிளாஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறாயா?

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 28வது பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. உலகத்தின் சட்டமே இவ்வளவு சொல்லும்போது, சிறு பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடச் சொன்ன இயேசுவின் சீஷன் அதற்குக் கீழே இறங்கலாமா? வகுப்பிலே பாதியைச் சொல்லி மீதியை டியூஷனில் விற்கிறவன், ஞாயிற்றுக்கிழமை அந்நியபாஷையில் பேசினாலும் திங்கட்கிழமை அவனுடைய சாட்சி ஊமையாய்த்தான் இருக்கும். அபிஷேகம் பெற்ற கை பிரம்பை எடுக்கும் முன்னே நடுங்க வேண்டும்.

சத்தம் போடத் தேவையில்லை. "சார், அந்தப் பிள்ளையை உள்ளே உட்கார வைப்போம், ஃபீஸ் விஷயம் அவங்கப்பாகிட்ட பேசிக்கலாம்" என்று தாழ்மையாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு உனக்கு எவ்வளவு செலவாகும் என்பது ஆண்டவருக்குத் தெரியும். அதனால்தான் "உன்னோடு நான் இருக்கிறேன்" என்பதையும் சேர்த்தே சொன்னார்.

4. ஆண்டவர் முந்தியே கண்ட ஜனங்கள்

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். பயப்படாதே என்றதற்குக் கர்த்தர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அந்தப் பட்டணத்திலே தம்மைச் சேர்ந்தவர்கள் ஏராளமாய் இருக்கிறார்கள் என்றார்! எங்கே இருந்தார்கள்? ஜெப ஆலயத் தலைவனாகிய கிறிஸ்புவும் அவன் வீட்டாரும், வேறு சிலரும் விசுவாசித்திருந்தார்கள். மற்றவர்களைப் பவுலின் கண் இன்னும் காணவில்லை. கர்த்தருடைய கண் கண்டது. கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் கூலி வேலையிலும் அதிகாரிகளின் அலுவலகத்திலும் அவர்களைக் கண்டது. பின்பு கொரிந்திலிருந்து பவுல் ரோமருக்கு நிருபம் எழுதும்போது, பட்டணத்தின் கணக்கைப் பார்க்கிற ஏரஸ்துவும் வாழ்த்துதல் சொல்கிறான் (ரோமர் 16:23). கெங்கிரேயா துறைமுகத்து சபையின் ஊழியக்காரி பெபேயாள் அதே அதிகாரத்தில் வருகிறாள்.

தீங்கு வராது என்ற வாக்கும் பொய்க்கவில்லை. விரோதிகள் பவுலைக் கல்லியோன் என்னும் அதிபதியின் நியாயாசனத்துக்கு முன் இழுத்துக்கொண்டு போனார்கள். பவுல் வாய் திறக்கும் முன்னே கல்லியோன் வழக்கைத் தள்ளிவிட்டான். இந்தக் கல்லியோனின் பெயர் கிரேக்க தேசத்து தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டிலும் இருக்கிறது. அதைக் கொண்டு அவன் கி.பி. 51-52 வாக்கில் பதவியில் இருந்தான் என்று கணக்கிடுகிறார்கள். இரட்சிக்கப்படாத ஒரு அதிகாரியைக் கொண்டே கர்த்தர் தம்முடைய ஊழியனைப் பாதுகாத்தார். உன் ஹெட்மாஸ்டரைக் கண்டு நீ பயப்படுகிறாயே, அவருடைய இருதயமும் கர்த்தரின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே பட்டணம் பிசாசின் ராஜ்யம், எப்படியோ கறைபடாமல் தப்பித்து ஊருக்குத் திரும்பினால் போதும் என்று நினைக்காதே. நீ எழும்பூரில் இறங்கும் முன்னே ஆண்டவர் இங்கே இருக்கிறார். உன் வகுப்பிலே, உன் மேன்ஷனிலே, நீ தினமும் ஏறுகிற கடற்கரை-தாம்பரம் மின்சார ரயிலிலே அவருடைய ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி வந்தவனே ஒளிந்துகொண்டால் எப்படி?

5. மேலறையும் பட்டணத்தில்தான்

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம்முடைய சீஷர்களை எங்கே காத்திருக்கச் சொன்னார்? வனாந்தரத்திலா, அமைதியான கலிலேயா கடற்கரையிலா? உன்னதத்திலிருந்து வருகிற பெலனால் தரிப்பிக்கப்படும்வரைக்கும் எருசலேம் பட்டணத்திலே தங்கியிருக்கச் சொன்னார் (லூக்கா 24:49). தம்மைச் சிலுவையில் அறைந்த பட்டணம், பேதுரு மறுதலித்த பட்டணம் அது. பண்டிகைக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தப் பட்டணத்திலேதான் அக்கினி இறங்கிற்று. அல்லேலூயா!

1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசுசா தெருவிலே எழுப்புதல் கூட்டங்கள் ஆரம்பித்தன. அடிமைகளாயிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் அங்கே ஊழியம் செய்தார். ஒரு காலத்தில் ஆலயமாய் இருந்து, பின்பு குதிரை லாயமாய்ப் பயன்பட்ட பழைய கட்டடம் அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் முழங்காலிட்டார்கள். நெருக்கமும் ஏழ்மையும் ஆவியானவருக்குத் தடையாகவில்லை. உன் ஒற்றை அறையும் தடையல்ல.

வாலிபனே, இந்த வாரமே மூன்று காரியம் செய். ஒரு சபையில் உன் பெயரைக் கொடு. உன் வகுப்பு வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, பள்ளிக்குப் போகும்முன் ஜெபம் பண்ணு. ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ் வந்தால் எரிச்சல்படாமல், "சார், சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் கூடுதலா எடுக்கிறேன், ஞாயிறு காலை மட்டும் விட்டுடுங்க" என்று நேராய்க் கேள். கொடுக்காவிட்டாலும் சோர்ந்துபோகாதே, சாயங்கால ஆராதனைக்கு ஓடு. நீ எதை நேசிக்கிறாய் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சிந்திக்க:
1. நான் இரண்டு வாரம் சபைக்கு வராவிட்டால், தேடி வருகிற ஒருவராவது உண்டா?
2. எந்தப் பிள்ளைக்காக நான் பேச வேண்டியிருக்கிறது? எதற்குப் பயந்து மவுனமாயிருக்கிறேன்?
3. இந்தப் பட்டணத்தை ஆண்டவர் பார்க்கிறபடி பார்க்கிறேனா, சம்பளம் தருகிற இடமாக மட்டும் பார்க்கிறேனா?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, என்னை இந்தப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தவர் நீரே. ஒளிந்துகொள்ளுகிற பயத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும். எனக்கு ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகளை உம்முடைய கண்களால் பார்க்கக் கிருபை தாரும். உம்முடைய ஆவியினால் என்னை நிரப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், பிதாவே. ஆமென்.