வளரும் லாபப் பங்கு: வட்டியில்லாச் சேமிப்பைப் பற்றி ஒரு பாடம்



கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம்மவரில் பலருக்குச் சேமிப்பென்றால் மூன்று வகைதான்: சரக்கில் போடுவது, பொன் வாங்குவது, ஊரில் மனை வாங்குவது. வட்டி ஹராம் என்று பாங்கிலிருந்து ஒதுங்கியவர்கள் கம்பெனிப் பங்கையும் அதோடு சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். இது சரியன்று. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் முதல் கொடுக்க, நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வியாபாரம் செய்த வரலாறு நாமெல்லாம் மதரஸாவில் கேட்டதே. கடனுக்கு வாங்கும் வட்டி வேறு. லாப நஷ்டம் இரண்டுக்கும் உடன்பட்டுப் பெறும் பங்கு வேறு.

கம்பெனி தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரருக்குக் கொடுப்பதே டிவிடெண்டு எனும் லாபப் பங்கு. இதை ஆண்டுதோறும் கூட்டிக் கொடுத்துவரும் கம்பெனியாகப் பார்த்து வாங்கி, விற்காமல் வைத்திருப்பதே நாம் சொல்லும் முறை. 10,000 ரிங்கிட்டுக்குப் பங்கு வாங்கி, முதலாண்டு 400 ரிங்கிட் வருகிறதென்று வையுங்கள். அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு வீதம் கூடினால், பதினோராவது ஆண்டில் சுமார் 787. இருபத்தோராவது ஆண்டில் சுமார் 1,548. வந்த பணத்துக்கும் பங்கே வாங்கினால் இன்னும் கூடும். ஏழு என்பது கணக்குக்காக எடுத்த எண்தான். எந்தக் கம்பெனியும் அப்படி எழுதிக் கொடுப்பதில்லை.

அதிகம் கொடுப்பவனிடம் ஓடுவது நம் வழக்கம். இங்கேதான் தாபோங் ஹாஜியின் கதையைக் கவனிக்க வேண்டும். ஹஜ்ஜுக்குச் சேர்க்கும் ஏழைகளின் பணம் வட்டியில்லாமல் பெருக வேண்டுமென்று 1959இல் உங்கு அஜீஸ் அவர்கள் யோசனை கூறினார்கள். 1963இல் 1,281 பேருடன் அச்சேமிப்பு தொடங்கிற்று. எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் 2017ஆம் ஆண்டுக்கு, ஹஜ்ஜு செய்யாதவர்களுக்கு நூற்றுக்கு 6.25 வரை ஹிபா கொடுத்தார்கள். அவ்வாண்டு முடிவில் பொறுப்புகள் சொத்தைவிட 410 கோடி ரிங்கிட் மிகுந்திருந்தன என்று 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சொத்து குறைந்திருக்கையில் ஹிபா வழங்கலாகாது என்பது அந்நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டுச் சட்டம். 2018க்குக் கிடைத்தது 1.25தான். அரசாங்கப் பொறுப்பு இருந்தமையால் போட்டவர்களின் முதல் போகவில்லை. கம்பெனிப் பங்குக்கு அப்படிப் பொறுப்பேற்பார் எவருமில்லை.

ஆகவே ஆண்டறிக்கையை வாங்கி, நம் கடைப் பேரேட்டைப் பார்ப்பது போலப் பாருங்கள். ஒரு பங்குக்குச் சம்பாதித்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? பத்தாண்டுக் கணக்கை வரிசையாக எழுதுங்கள். சம்பாத்தியம் 10 காசு, கொடுப்பது 12 காசு என்றால், அது முதலைக் கரைத்துத் தருவதாகும். கல்லாவிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு லாபம் என்று சொல்லும் கடைக்காரரை நாம் பார்த்ததில்லையா? 2020இல் நோய் பரவி ஊரடைத்த காலத்தில் கம்பெனி எப்படிச் சமாளித்தது என்பதையும் பாருங்கள்.

ஹலால் விஷயத்துக்கு, பங்கு ஆணையத்தின் ஷரியா ஆலோசனைக் குழு ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் பட்டியல் வெளியிடுகிறது. வட்டி பாங்கு, மது, சூது இவற்றைத் தொழிலாகக் கொண்டவை அதில் வாரா. வட்டிக் கடன் சொத்தில் 33 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டுமென்பதும் ஒரு நிபந்தனை. ஒருமுறை பார்த்தால் போதாது; இவ்வாண்டு இருந்த பெயர் அடுத்த பட்டியலில் இல்லாமல் போகலாம்.

பெருநாள் சரக்குக்கு வைத்த பணத்தையும், சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியையும் இதில் போடாதீர்கள். கடன் வாங்கிப் போடுவது அறவே கூடாது. மாதம் ஒரு தொகை ஒதுக்கி, நூறு பங்கு வாங்கும் அளவு சேர்ந்ததும் வாங்குவது நம் போன்றவர்களுக்குத் தோதானது.